சொந்தச் சாவடியில் பூஜ்யம்

நூற்றுப் பதினான்காம் வாக்குச்சாவடியில் தளவாய்க்கு விழுந்த ஓட்டு பூஜ்யம். தளவாய்க்கே அந்தச் சாவடியில்தான் ஓட்டு.

தேர்தல் அலுவலர் ரஹ்மத்துல்லா எண்ணை ஒலிபெருக்கியில் வாசித்ததும், பொறியியல் கல்லூரிக் கலையரங்கத்தில் இருந்த முந்நூறு பேரும் சிரிக்க வாயைத் திறந்தார்கள். தளவாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். வாசலில் ஏணிக் கட்சிக்காரர்கள் இருவர் தூக்கிப் பிடித்திருந்த ஆளுயர ரோஜா மாலை மெல்லத் தரையில் இறங்கியது.

"இன்னொரு தடவ வாசிங்க சார்" என்றார் தளவாய்.

"சாவடி நூத்திப் பதினாலு. ஏணி, பூஜ்யம். குடை, நானூத்திப் பதினொண்ணு. மத்தவங்க, இருநூத்தி மூணு. நோட்டா, எண்பத்தெட்டு."

"அது எங்க தெருவே!"

"தெரு பேரு எங்கிட்ட இல்ல சார். நம்பர்தான் இருக்கு."

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த சொர்ணம் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். தளவாயின் மனைவி அவள். அவருடைய தலைமை எண்ணிக்கை முகவரும் அவள்தான். அவளுக்கு வந்த சிரிப்பு மற்றவர்களுக்கு வந்த சிரிப்பு இல்லை. மூன்று நாள் முன்பு ஓட்டு வரிசையில் நிற்கும்போதே, இந்தத் தடவை குடையை அமுக்குவது என்று முடிவு செய்திருந்தாள். அமுக்கினாளா என்பது அவளுக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. சபாஷ் என்று தன் விரலுக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் மறதி விளக்கு. அரசாணையில் அதற்குப் பெயர் இரகசியக் காப்பு ஒளி. பொத்தானை அமுக்கியதும் மறைப்புக்குள் இரண்டு நொடி நீல வெளிச்சம் அடிக்கும். அதற்கு முந்தைய ஒரு நிமிஷம் நினைவில் இருக்காது. வெளியே வருகிறவர்கள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் மாதிரி விரல் மையைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். யாருக்குப் போட்டோம் என்று தெரியாதவனுக்கு மிக்ஸி கொடுத்து என்ன, குத்துவிளக்கு கொடுத்து என்ன? ஓட்டுக்குப் பரிசு கொடுக்கும் பழக்கம் ஒரே தேர்தலில் ஒழிந்தது. கற்பூரத்தை அணைத்துச் செய்யும் சத்தியமும் கூடவே ஒழிந்தது. கருத்துக்கணிப்புக் கம்பெனிகள் கல்யாண வீடியோ எடுக்கப் போய்விட்டன. எந்திரம் துப்பும் காகிதச் சீட்டையும் நிறுத்தினார்கள். காகிதமும் ஒரு ஞாபகம்தானே.

அன்று மாநிலம் முழுக்க எண்ணிக்கை. ஐந்து வருஷத் தவணையின் நடுவில், இரண்டரை வருஷம் முடிந்ததும், முதல்வரும் சட்டமன்ற உறுப்பினர்களும் மறுபடி ஜனங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது சட்டம். முதல்வரைத் தேர்ந்தெடுக்க ஓர் எந்திரம், உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஓர் எந்திரம். மதியத்துக்குள் முதல்வர் நாற்காலியைக் குடைக் கட்சி பிடித்துவிட்டது. சட்டமன்றத்தில் இருநூற்று ஐம்பத்தொரு இடம். ஏணிக்கு நூற்று இருபத்தைந்து, குடைக்கு நூற்று இருபத்தைந்து. பாக்கி ஒன்று, தளவாய் நின்ற சிவந்திக்குளம். முதல்வர் குடை, சட்டமன்றம் ஏணி என்றால் ஒரு மசோதாவும் நகராது. இரண்டும் குடை என்றால் ஏணிக் கட்சி இரண்டரை வருஷம் வீட்டில் இருக்க வேண்டியதுதான். கல்லூரி மைதானத்தில் நாற்பது டிவி வேன்கள் நின்றன.

கடைசிச் சாவடியை எண்ணுவதற்கு முன் தளவாய் நானூற்று இரண்டு ஓட்டு முன்னால் இருந்தார். எண்ணி முடித்தபோது ஒன்பது ஓட்டு பின்னால் இருந்தார்.

"மோசடி!" என்று கத்தினார் கொம்பையா. ஏணிக் கட்சியின் நகரச் செயலாளர், தளவாய்க்கு எதிர்வீடு. "எழுநூத்திச் சொச்சம் ஓட்டுல எங்க அண்ணாச்சிக்கு ஒண்ணுகூடவா விழாது? அவரு குடும்பமே அங்கதானவே இருக்கு!"

"நீங்க எந்தச் சாவடி?" என்று ரஹ்மத்துல்லா கேட்டார்.

கொம்பையா கொஞ்சம் யோசித்தார். "நானும் அதேதான்" என்றார், சத்தம் குறைந்து.

அரங்கத்தில் இன்னொரு தடவை இருமல்.

"சார், முன்னெல்லாம் பத்துச் சாவடி ஓட்டையும் ஒண்ணாக் கலக்கித்தான் எண்ணினோம்" என்றார் ரஹ்மத்துல்லா. கோபம் இல்லாமல், அலுப்போடு பேசினார். "எந்தச் சாவடியில யாருக்கு எவ்வளவுன்னு ஆண்டவனுக்கே தெரியாது. வேட்பாளர் எழுதிக் கேட்டா தனித்தனியா வாசிக்கணும்னு போன வருஷம் திருத்தம் கொண்டுவந்தது யாரு? நீங்க. இந்த மாநிலத்துலயே எழுதிக் கேட்ட வேட்பாளர் யாரு? அதுவும் நீங்க."

உண்மைதான். தளவாய் அதை எதற்குக் கொண்டுவந்தார் என்பது சொர்ணத்துக்கு நன்றாகத் தெரியும். அவள் மடியில் இருந்த நோட்டில் காலையிலிருந்து அவள் கையாலேயே எழுதிய பதினோரு தெருக்கள் இருந்தன. ஏணிக்குக் குறைவாகப் போட்ட தெருக்கள். சிவந்திக்குளத்தில் மழை பொய்த்து நாலு வருஷம். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்குப் போகும், எதற்குப் போகாது என்பது தளவாயின் ஒரு போன்காலில் இருந்தது.

போன தேர்தலில் ஓட்டெல்லாம் கலந்திருந்ததால் ஊகத்தில்தான் தண்டிக்க முடிந்தது. "மேலத்தெருக்காரன் மூஞ்சியே சரியில்ல, எழுது" என்றார். அவள் எழுதினாள். நாற்பது நாள் லாரி போகவில்லை. அவளுக்கு ஜாக்கெட் தைக்கிற லூர்துமேரி இரண்டு கிலோமீட்டர் குடம் சுமந்து, அடிபம்பு பாசியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அப்புறம் அவளால் கத்தரி பிடிக்க முடியவில்லை. சொர்ணம் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது, "அக்கா, சத்தியமா நான் ஏணிக்குத்தான் போட்டிருப்பேன்" என்று லூர்துமேரி அழுதாள்.

அன்றைக்கு மனசில் விழுந்ததுதான் குடை.

குடைக் கட்சி வேட்பாளர், பல் டாக்டர் ஜெசிந்தா, தனக்கு ஓட்டு இருக்கிற முப்பத்தேழாம் சாவடி எண்ணை வாசிக்கப்போகிறார்கள் என்றதும் எழுந்து வெளியே போய் இளநீர் குடித்துவிட்டு வந்தவர். இப்போது அவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அண்ணாச்சி, வேற வழி இருந்தா பாருங்க. நான் தடுக்கமாட்டேன்."

வழி இருந்தது. ரஹ்மத்துல்லா ஆள் அனுப்பி மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்காலியை உருட்டிவரச் சொன்னார். பார்ப்பதற்குச் சலூன் நாற்காலி மாதிரி இருந்தது. தலைக்கு மேல் ஒரு கவிழ்த்த கிண்ணம்; பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் பல்பு.

"ஞாபகம் அழியறதில்ல சார்" என்றார் ரஹ்மத்துல்லா. "சுவத்துல ஆணி அடிச்சாச்சு, படத்த மாட்டல, அவ்வளவுதான். இந்த நாற்காலி மாட்டிவிடும். மூணு நாளுக்குள்ள பண்ணணும். இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது. நீங்க சொல்ற நாலு பேரு உட்காரலாம். ஒருத்தர், ஒரே ஒருத்தர், நான் ஏணிக்குப் போட்டேன்னு நிரூபிச்சாப் போதும். பூஜ்யம் பொய்யாயிடும். அந்தச் சாவடிக்கு மறு ஓட்டுப்பதிவு."

தளவாயின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அட, இம்புட்டுத்தானா! எந்த லைட்டு அடிச்சா என்ன, போட்டேன்னு சொன்னா முடிஞ்சிதுல்லா?"

"சொன்னா பத்தாது. போட்டேன்னு சொன்னா நாற்காலி சோதிக்கும். நிஜம்னா பச்சை எரியும். எரியலன்னா பொய்ச் சாட்சி, மூணு வருஷம் உள்ள."

"போடலன்னு சொன்னா?"

"ஒண்ணும் இல்ல. சோதிக்கமாட்டோம், யாருக்குப் போட்டீங்கன்னும் கேக்கமாட்டோம். ரகசிய ஓட்டு சார். எழுந்து வீட்டுக்குப் போகலாம்."

நாலு பேர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. தளவாய், அவருடைய அண்ணன் பூதப்பாண்டி, கொம்பையா, சொர்ணம்.

"அண்ணே, நீ மொதல்ல உக்காரு" என்றார் தளவாய்.

பூதப்பாண்டி நாற்காலியை முன்னும் பின்னும் பார்த்தார். "எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்குல்லாடே. வெளிச்சமே ஆகாதுன்னுருக்காரு டாக்டரு."

"ராத்திரி பன்னெண்டு வரைக்கும் டிவி பாக்க?"

"அது வேற வெளிச்சம்."

"கொம்பையா, நீ வாடே."

கொம்பையா இரண்டடி பின்னால் போனார். "அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததில்ல. எனக்குச் சாமி வாற உடம்பு. தலையில கிண்ணத்த மாட்டும்போது சாமி வந்து அது பாட்டுக்கு ஏதாச்சும் சொல்லிட்டா? கட்சிக்குல்லா அசிங்கம்."

"போட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல சாமி எதுக்குவே வருது?"

"எனக்கு ஓட்டு அன்னைக்கே லேசா வந்த மாதிரி இருந்துச்சி அண்ணாச்சி."

கம்பிவலைக்குப் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். ரஹ்மத்துல்லா கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே கால்.

தளவாய் நாற்காலியின் பக்கம் தானே இரண்டடி வைத்தார். நின்றார். "வேட்பாளரே உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். அவர் முகம் மலர்ந்தது. வீட்டில் சாவி தொலைந்தால் கடைசியில் அவளைக் கேட்பார், அதே முகம். "ஏட்டி, நீ இருக்கும்போது நான் எதுக்கு இவனுகட்ட கெஞ்சுதேன்? வா, வந்து உக்காரு. உனக்குச் சாமியும் வராது, ஸ்டென்ட்டும் இல்ல."

சொர்ணம் நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். பயம் இல்லை. பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்; அவள் சொல்லப்போவது புதுச் செய்தி இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஒரு தடவை வாயால் சொல்லப்போகிறாள். அதுவும் சட்டப்படி. வீட்டுக்குப் போய்த் திட்டினால், விளக்கு அப்படிப் பண்ணிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிண்ணம் தலையில் இறங்கியது. அதே நீல வெளிச்சம், ஆனால் உள்ளே போகாமல் வெளியே வருகிற மாதிரி.

சாவடி வந்தது. பள்ளிக்கூட வகுப்பறை, சுவரில் ஒட்டிய பெருக்கல் வாய்ப்பாடு, அட்டை மறைப்பு. முதல்வருக்கான எந்திரத்தில் குடை. விரல் தயங்காமல் அமுக்கியது. நல்லது. அடுத்த எந்திரம். மேலிருந்து இரண்டாவது ஏணி, ஐந்தாவது குடை. விரல் குடைக்கு நேரே வந்து நின்றது. ஒரு மூச்சு. பிறகு, இருட்டில் தேடாமல் உப்பு டப்பாவை எடுக்கிற கை மாதிரி, அது பாட்டுக்கு மேலே போய் ஏணியை அமுக்கியது. பீப் என்ற சத்தம்.

சொர்ணம் கிண்ணத்துக்கு அடியில் கண்ணைத் திறந்தாள்.

இருபத்தாறு வருஷக் கல்யாணம். லூர்துமேரி, மேலத்தெரு, வரிசையில் நின்று பல்லைக் கடித்து எடுத்த முடிவு எல்லாவற்றையும் ஒரு விரல் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறது. அவளுக்குத் தளவாய் மேல் வந்த கோபத்தைவிட அந்த விரல் மேல் அதிகமாக வந்தது.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. அவள் ஏணிக்குப் போட்டிருக்கிறாள். எந்திரம் பூஜ்யம் என்கிறது. அப்படியானால் பூஜ்யம் பொய். எந்திரம் கெட்டிருக்கிறதோ, எந்திரத்தைத் தொட்டவன் கெட்டவனோ. பூதப்பாண்டி அத்தானும் போட்டிருக்கலாம், சாமி வந்த கொம்பையாவும் போட்டிருக்கலாம். இந்தச் சாவடி பொய் என்றால் மற்றச் சாவடிகள்? இருநூற்று ஐம்பது தொகுதிகள்? எட்டுக் கோடிப் பேரில் யாருக்கும் தெரியாத ஒன்று இந்த நிமிஷம் அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் பச்சை எரியும். மறு ஓட்டுப்பதிவு நடக்கும், தளவாய் ஜெயிப்பார், மறுநாளே பதினோரு தெருவுக்கும் லாரி வருவது நின்றுபோகும். இந்தத் தடவை ஊகம்கூட இல்லை, ஆதாரத்தோடு.

"சொல்லுங்கம்மா" என்றார் ரஹ்மத்துல்லா. "சட்டமன்றத்துக்கு நீங்க ஏணிக்குப் போட்டீங்களா?"

தளவாய் வாசலில் இருந்த மாலைக்காரர்களைத் தயாராக இருக்கும்படி சைகை செய்துகொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றாள் சொர்ணம். "நான் ஏணிக்குப் போடல."

மூன்று நாள் தாமதமாக, அவள் குடைக்கு ஓட்டுப் போட்டாள். இந்தத் தடவை ஞாபகத்தோடு.

இருமல்கூட வரவில்லை. ரஹ்மத்துல்லா படிவத்தில் ஒரு கோடு அடித்தார். "உங்க பேரு மட்டும் பாக்கி சார். இன்னும் அரைமணி இருக்கு. உட்காருறீங்களா? இல்ல, முடிவை ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுறீங்களா? போட்டா அதோட சரி, கோர்ட்டுக்கும் போக முடியாது."

இதைச் சொர்ணம் யோசிக்கவே இல்லை. தளவாய் உட்கார்ந்தால் பச்சை எரியும். சந்தேகமே வேண்டாம். கண்ணாடியைப் பார்த்துக் கும்பிடுகிற மனிதர் அவர். பொங்கலுக்குக் கோலப்போட்டியில் நடுவராக இருந்தபோதுகூடத் தன் படம் வரைந்த கோலத்துக்குத்தான் முதல் பரிசு கொடுத்தார்.

தளவாய் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தார். அவளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"ஏட்டி, ஏன்?"

"மேலத்தெரு" என்றாள். "லூர்துமேரி கை."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை; முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி ஆனது. "நீயே போடல" என்றார் கடைசியில். "அண்ணன் கிட்ட வரமாட்டேங்கான். கொம்பையா சாமிங்கான். எந்திரம் பூஜ்யம்னு சொல்லுது." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப நானும் போடலல்லா?"

"உட்கார்ந்தா தெரிஞ்சிடும் சார்" என்றார் ரஹ்மத்துல்லா.

"தெரிஞ்சி?"

"தெரிஞ்சா... தெரியும்."

"எனக்கே மேலத்தெரு உறுத்தியிருக்கும் போல" என்றார் தளவாய், தனக்குள் பேசுகிறவர் மாதிரி. சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சொர்ணம் இருபத்தாறு வருஷத்தில் பார்க்காத வெளிச்சம். "ஏட்டி, பாத்தியா? உள்ளுக்குள்ள நமக்கும் ஒரு மனசாட்சி இருந்திருக்கு. நமக்குத்தான் தெரியல. லைட்டு அடிச்சதும் அது தைரியமா வெளிய வந்துட்டு!"

பேனாவை வாங்கினார். படிவத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் ஜெசிந்தாவுக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டார். சட்டை காலரைச் சரிசெய்துகொண்டு நேரே மைதானத்துக்கு, நாற்பது வேன்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆமாய்யா" என்றார் மைக்கில். "எனக்கு நானே ஓட்டுப் போடல. ஏன்? நான் தப்புப் பண்ணியிருந்தேன். ஒரு தெருவுக்குத் தண்ணிய நிறுத்தினேன். என்னையே தோக்கடிக்கணும்னு என் மனசாட்சி சொல்லிச்சி, தோக்கடிச்சிட்டேன். இந்த மாநிலத்துல இதைச் சொல்ல வேற எவனுக்குவே தைரியம் இருக்கு?"

யாருக்கும் இல்லை. முதலில் டிவி நிருபர்கள் கைதட்டினார்கள். அது அவர்கள் வேலை இல்லை என்று நினைவு வந்து நிறுத்தினார்கள். பிறகு ஜனங்கள் தட்டினார்கள். குடைக் கட்சிக்காரர்களும் தட்டினார்கள். மேலத்தெருக்காரர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "தனக்கே ஓட்டுப் போடாத தியாகச் செம்மல்!" என்று கொம்பையா எங்கிருந்தோ பாய்ந்து வந்து கத்தினார், அவருக்கு உடனடியாக ஐம்பது பேர் பின்பாட்டுப் பாடினார்கள். சும்மா கிடந்த ஆளுயர மாலையை எடுத்துத் தோற்றவருக்கே போட்டார்கள். பூதப்பாண்டி கேமரா வெளிச்சத்துக்கு நடுவில் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டென்ட் ஒன்றும் செய்யவில்லை.

கால் மணி நேரத்தில் கொம்பையாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வந்து சொர்ணத்திடம்தான் முதலில் சொன்னார். "மயினி, தலைநகரத்திலேருந்து. அடுத்த தேர்தலுக்கு முதல்வர் வேட்பாளர் நம்ம அண்ணாச்சிதானாம்! மாநிலமே அழுதுக்கிட்டிருக்காம்!"

மைக்கோடு ஒரு நிருபர் பெண் ஓடிவந்தாள். "அம்மா, நீங்களும் உங்க கணவருக்கு ஓட்டுப் போடலன்னு தைரியமாச் சொன்னீங்க. அவரும் அவருக்கே போடலங்கிறார். இதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

எட்டுக் கோடிப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாய், அந்த மைக்குக்கு முன்னால் இருந்தது. தூரத்தில் தளவாய் மாலைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மைக் நகர்ந்து போனது. சொர்ணம் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அடுத்த தேர்தலுக்கு இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. அதற்குள் இந்த விரலுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.